தோளுக்கேற்ற கட்டை

விருத்தாசலத்தில் 'சுடுவது' என்று சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது சூளைதான். பீங்கான் தொழிற்பேட்டை உள்ள ஊர் அது. கோப்பை சுடுவார்கள், பொம்மை சுடுவார்கள், அகல் விளக்கு சுடுவார்கள். அங்கே சூளை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் பத்திரிகையும் கையுமாக வந்து சேர்ந்தார். சீனாவில் ஹாங்சோ நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், களிமண் புறா சுடும் பந்தயத்தில் நம்மவர் மூவர் அணியாகத் தங்கம் வாங்கியிருக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவர் நம் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் என்று செய்தி.

"ஏன் சார், களிமண் புறா என்கிறார்களே, அதை நம் ஊரில் சுட்டுக் கொடுக்கக் கூடாதா? அவர்கள் மறுபடி சுட்டுக் கொள்ளட்டுமே" என்றார் நண்பர்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் கேள்வி அவ்வளவு வேடிக்கையானது அல்ல. சூளையில் சுட்ட புறாவைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அது சரிப்படாமல் போனதும் உண்டு.

ஐரோப்பாவில் பணக்காரர்கள் பந்தயம் கட்டிச் சுட்டதெல்லாம் முதலில் உயிர்ப் புறாக்களைத்தான். பெட்டிக்குள் புறாவை அடைத்து வைப்பார்கள். சுடுகிறவர் 'இழு' என்று குரல் கொடுத்ததும் கயிற்றை இழுப்பார்கள்; பெட்டி திறக்கும்; புறா எழும்பும். இன்றைக்கும் மண் தட்டைச் சுடுகிறவர்கள் இங்கிலீஷில் 'இழு' என்று கத்துவதும், அந்த விளையாட்டுக்கே 'டிராப்', அதாவது பொறி என்று பெயர் வழங்குவதும் அந்தப் பெட்டியின் மிச்சந்தான். 1900-ஆம் வருஷத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த பந்தயத்தில் சுமார் 300 புறாக்கள் செத்து விழுந்தன. லெயோன் தெ லுண்டென் என்ற பெல்ஜியக்காரர் 21 புறாக்களை வீழ்த்தி ஜயித்தார். அதை ஒலிம்பிக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்று சரித்திரக்காரர்கள் இன்னமும் வழக்காடிக் கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1921-இல் சட்டம் போட்டே உயிர்ப் புறாப் பந்தயத்தை நிறுத்தினார்கள்.

அதற்கு முன்பே அமெரிக்காவில் மாற்று தேட ஆரம்பித்து விட்டார்கள். முதலில் கண்ணாடி உருண்டைகளை ஆகாயத்தில் வீசிச் சுட்டார்கள். மைதானம் முழுவதும் கண்ணாடிச் சில்லு! பிறகு 1880-இல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர், சுட்ட களிமண்ணில் ஒரு தட்டுச் செய்து, அது சுழன்று கொண்டே பறக்கும்படி எறியும் பொறியையும் செய்தார். பையன்கள் தண்ணீர்மேல் தட்டைக் கல்லை வீசி அது தத்தித் தத்திப் போவதைப் பார்த்து அவருக்கு யோசனை தோன்றியது என்று ஒரு கதை சொல்லுவார்கள். உண்மையோ பொய்யோ, எனக்கு அந்தக் கதை பிடித்திருக்கிறது. வெலிங்டன் ஏரிக் கரையில் ஓட்டாஞ்சில்லு வீசி எத்தனை தத்து என்று எண்ணிய பையன்களில் நானும் ஒருவன். எங்களில் ஒருவனுக்கும் எதுவும் தோன்றவில்லை.

லிகோவ்ஸ்கியின் புறாவுக்கு ஒரு குறை இருந்தது. சூளையில் நன்றாக வெந்து விட்ட மண், ரவை பட்டால் உடைய மாட்டேன் என்றது. மணி அடித்த மாதிரி 'ணங்' என்று சத்தம் கேட்கும்; தட்டு முழுசாகக் கீழே வந்து விழும். பட்டதா, படவில்லையா என்று சண்டை வரும். ஆகவே சீக்கிரத்திலேயே களிமண்ணைக் கைவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடியையும் கீல் போன்ற பிசினையும் உருக்கிச் சேர்த்து அச்சில் வார்க்கத் தொடங்கினார்கள். இன்றைக்குப் பந்தயத்தில் பறக்கும் தட்டு 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. அதில் களிமண் ஒரு குந்துமணி கூடக் கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இதைச் சொன்னதும் என் நண்பரின் முகம் சற்று வாடித்தான் போயிற்று.

நிற்க. புறாவைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. அந்தப் பத்திரிகைப் படத்தில் பார்த்த துப்பாக்கியின் பின்பக்கத்து மரக்கட்டைதான் எனக்கு வேறு ஒன்றை நினைவுபடுத்தியது. கட்டையின் மேல்விளிம்பில், கன்னம் படுகிற இடம் தனித் துண்டாக வெட்டப்பட்டு, இரண்டு உலோகத் தண்டுகளின் மேல் ஏற்றியும் இறக்கியும் வைத்துக்கொள்ளும்படி இருந்தது. அதைப் பார்த்த பொழுது எனக்குத் திட்டக்குடியில் என் மாமா ஞாபகந்தான் வந்தது.

மாமாவுக்கு வெள்ளாற்றங்கரையில் கொஞ்சம் நஞ்சையும், மேட்டில் மல்லாட்டை போடுகிற புஞ்சையும் இருந்தன. ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியும் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது. இரண்டு கை மாறி மாமாவிடம் வந்தது. அந்தக் காலத்துத் தென்னாற்காடு ஜில்லாவில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பது, வில்வண்டி வைத்திருப்பதைவிட ஒரு படி மேல். மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கு வாத்துகள் வந்து இறங்கும். முகாம் போடுகிற அதிகாரிகள் மாமாவையும் அழைப்பார்கள். மாமா போவார். எல்லாரும் சுடுவார்கள், பறவை விழும். மாமா சுடுவார், சத்தம் கேட்கும். 'உங்கள் துப்பாக்கி சைவமா?' என்று ஒருவர் கேட்டது ஊரெல்லாம் பரவிவிட்டது. மாமா சிரித்துக் கொண்டுதான் இருந்தார். ஆனால் வீட்டுக்கு வந்து அத்தையிடம் அன்று சாப்பாடு சரியில்லை என்பார்.

அது வேடிக்கையோடு போயிருந்தால் சரி. ஒரு நாள் மல்லாட்டைக் கொல்லையில் நரி புகுந்தது. மாமாவின் நாய் துரத்திக் கொண்டு போயிற்று. நாய் இடது பக்கம், நரி வலது பக்கம். நடுவில் இரண்டு முழம் இருக்கும். மாமா நரியைக் குறிவைத்துச் சுட்டார். நரி ஓடிப் போய்விட்டது.

அதற்கப்புறம் மூன்று வருஷம் அவர் அந்தத் துப்பாக்கியைத் தொடவில்லை. எண்ணெய் போடக்கூட வேலைக்காரனை விட்டுத்தான் போடச் சொல்லுவார். 'என் கை ராசி இல்லாத கை' என்று சொல்லிக் கொண்டிருந்தார். கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்ட வேண்டுமானால்கூட 'நான் வேண்டாம், நீ கொடு' என்பார்.

பெண்ணாடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரர் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர், சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார். குழலை மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று தானும் பார்த்து மாமாவையும் பார்க்கச் செய்தார். பிறகு மாமாவைத் தோளில் வைக்கச் சொல்லி, எதிரே நின்று குழலின் வழியாக மாமாவின் கண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஐயா, நீங்க வலதுகைக்காரர்தானே?" என்றார்.

"ஆமாம்."

"இந்தக் கட்டை இடதுகைக்காரனுக்குச் செய்தது."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கட்டையின் சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெரியவர் சொன்னதன் கனம் வாசகர்களுக்கு விளங்காது.

ரைபிள் என்பது குறிபார்த்துச் சுடுகிற ஆயுதம். அதில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முள். இரண்டையும் நேராக்கிக் குறிவைக்கலாம். ரவைத் துப்பாக்கியில் முன்னால் ஒரு சிறு மணி மட்டுந்தான் உண்டு. பின்னால் ஒன்றும் இல்லை. பின்னால் இருக்க வேண்டிய குறி, சுடுகிறவனின் கண்தான். பறக்கிற பொருளைப் பார்த்துக் கொண்டே துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பொருத்தியதும் கண் தானாகவே குழலின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வந்து நிற்க வேண்டும். அதை அங்கே கொண்டு வந்து நிறுத்துவது கட்டை. கண் கோட்டுக்கு இடது பக்கம் நின்றால் ரவை இடது பக்கம் போகும். கண் தாழ்ந்தால் ரவை தாழும், உயர்ந்தால் உயரும். குழல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

கட்டையை நாலு விதமாக அளப்பார்கள். விசையிலிருந்து பின்னடி வரைக்கும் நீளம் ஒன்று. சாதாரண உயரமுள்ள ஒருவருக்கு பதினாலரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். கை நீண்டவனுக்குக் குட்டைக் கட்டை கொடுத்தால், விசைப்பக்கத்துக் கைக் கட்டைவிரல் மூக்கில் வந்து குத்தும். கை குறுகியவனுக்கு நீளக் கட்டை கொடுத்தால், தூக்கும்போது அக்குளில் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது, குழலின் மட்டத்திலிருந்து கட்டையின் முதுகு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்ற தாழ்வு. கன்னம் படுகிற இடத்தில் ஒன்றரை அங்குலம், பின் கோடியில் இரண்டே கால், இரண்டரை என்று இருக்கும். மூன்றாவதுதான் மாமாவின் விதியோடு விளையாடியது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்குக் கட்டையைச் சற்றே வலப்புறமாக ஒதுக்கி வளைத்திருப்பார்கள். முகத்துக்கு இடம் விட வேண்டும் அல்லவா? இடதுகைக்காரனுக்கு இடப்புறம் வளைப்பார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது; கால் அங்குலம், அதற்குச் சற்று அதிகம், அவ்வளவே. நாலாவது, பின்னடியின் சாய்வு. அது தவறினால், சுட்டவுடன் கட்டை மேலே துள்ளிக் கன்னத்தில் அறையும், அல்லது கீழே நழுவும்.

ஆர்மரர் ஒரு பழைய தகரத்தைச் சுண்ணாம்பு அடித்து வேலியில் சாய்த்து வைத்தார். நடுவில் கரியால் ஒரு புள்ளி. பதினாறு கஜம் அளந்து மாமாவை நிறுத்தி, "குறிபார்க்காதீங்க ஐயா. புள்ளியைப் பார்த்துக்கிட்டே தூக்கிச் சுடுங்க" என்றார். மாமாவின் கை நடுங்கியது. ஆனாலும் ஐந்து தோட்டா சுட்டார். தகரத்தில் ரவைகள் விழுந்த கும்பலின் நடு, புள்ளிக்கு இடது பக்கம் ஆறு அங்குலத்தில் இருந்தது. ஐந்து தடவையும் ஏறக்குறைய அதே இடம்.

பதினாறு கஜம் என்று ஏன் அளந்தார் என்பது எனக்குப் பல வருஷங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. கண்ணிலிருந்து குழலின் வாய் வரைக்கும் சுமார் ஒரு கஜம். அதைப் போலப் பதினாறு மடங்கு தள்ளித் தகரம் நிற்கிறது. ஆகவே தகரத்தில் ஒரு அங்குலம் தவறினால் கட்டையில் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தவறு என்று அர்த்தம். இது லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்களின் கணக்கு. ஆறு அங்குலம் தவறினால் பதினாறில் ஆறு. அரைக்கால் அங்குலமாக மூன்று. கணக்குப் பார்க்கக் காகிதங்கூட வேண்டாம். இதையே நாற்பது கஜத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் பதினைந்து அங்குலம் வருகிறது. அந்தத் தூரத்தில் ரவை பரவும் வட்டமே சுமார் முப்பது அங்குலந்தான். அதாவது மாமா எதைப் பார்த்தாரோ அது வட்டத்தின் விளிம்பில் நின்றது. அதற்கு இடது பக்கத்தில் ஒன்றரை முழத்துக்குள் இருந்ததுதான் உண்மையான குறி.

மாமா இதைக் கேட்டுவிட்டு வரப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்போ என் கை இல்லையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பெரியவர், "கை இல்லீங்க, கட்டை" என்றார். நான் சிறு பையன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டது வெயிலினால் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டு விட்டார்கள். ஆர்மரர் முதலில், கை பிடிக்கிற ஒடுங்கிய இடத்தில் துணியைச் சுற்றி, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றினார். பாதி நாள் ஊற்றியிருப்பார். மரம் சூடேறி இளகியதும், பலகைக்கும் ஆப்புக்கும் நடுவில் வைத்து வலப்புறமாக வளைத்து இறுக்கி, ஆறும்வரை அப்படியே விட்டுவிட்டார். கால் அங்குலம் வந்தது. இன்னும் அரைக்கால் அங்குலம் பாக்கி. அதற்குமேல் வளைத்தால் மரம் பிளக்கும் என்றார். மிச்சத்தை ஆசாரி கன்னம் படுகிற இடது பக்கத்தில் அரத்தாலும் கண்ணாடிச் சில்லாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். நடுநடுவே மாமாவைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லிச் சொல்லிச் சுரண்டினார்.

அந்த ஆசாரி சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஏர் செய்யச் சொன்னா ஓட்டுறவன் எவ்வளவு உசரம்னு கேட்டுட்டுத்தாங்க மேழி வைக்கிறேன். மண்வெட்டிக்குக் காம்பு போட்டாலும் அப்படித்தான். இத்தனை ரூபா கொடுத்து வாங்கினீங்களே, இதுக்கு யாரும் கேக்கலியா?"

நியாயமான கேள்விதான். கேட்காமல் இல்லை, கேட்கிற இடத்தில் கேட்டுக் கொண்டுதான் இருந்தார்கள்.

லண்டனில் ஜோசப் மாண்டன் என்ற துப்பாக்கிச் சிற்பி 1806-லேயே இரு குழல்களுக்கு நடுவிலுள்ள பட்டையைப் பின்புறம் உயர்த்தி வைத்து, ரவை சற்று மேலே போகும்படி செய்தார். கண்ணுக்கும் குழலுக்கும் உள்ள உறவை யோசித்து வேலை செய்தவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் கட்டை கடைவது அப்பொழுதெல்லாம் கைவேலைக்காரனின் கண் மதிப்பிலேயே நடந்து வந்தது. தையற்காரன் அளவு நாடா இல்லாமல் சட்டை தைத்த மாதிரி. 1880-களின் இறுதியில் பர்மிங்ஹாம் நகரத்து வில்லியம் பால்மர் ஜோன்ஸ் என்பவர் 'அளவுத் துப்பாக்கி' ஒன்றைச் செய்தார். அதன் கட்டையில் கீல்களும் திருகுகளும் உண்டு. நீட்டலாம், குறுக்கலாம், உயர்த்தலாம், தாழ்த்தலாம், இடமும் வலமும் வளைக்கலாம். வாடிக்கைக்காரர் அதைத் தோளில் வைக்க, கடைக்காரர் எதிரே நின்று குழலின் வழியே கண்ணைப் பார்த்துத் திருகைத் திருகுவார். பிறகு வெள்ளையடித்த இரும்புத் தகட்டில் சுட்டுச் சரிபார்ப்பார்கள். எங்கள் பெண்ணாடத்துப் பெரியவர் கல்யாண வீட்டுக் கொல்லையில் செய்தது அந்த வித்தைதான். அவரிடம் திருகு வைத்த துப்பாக்கி இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

உயிர்ப் புறாப் பந்தயத்துக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயரால் இன்னும் ஒரு வகைக் கட்டை வழங்குகிறது. அதில் கன்னம் படுகிற முதுகு உயர்ந்து கடைசி வரை மட்டமாகப் போய், பின் கோடியில் படிபோல இறங்கும். கன்னம் முன்னே பட்டாலும் பின்னே பட்டாலும் கண்ணின் உயரம் மாறாது. எழும்பிப் பறக்கிற இலக்கைச் சுடுகிறவனுக்கு இந்த உயர்ந்த முதுகு ஒரு வரப்பிரசாதம். இலக்கு மேலேறிக் கொண்டிருக்கிறது. ரவையும் சற்று உயரப் போனால்தான் சந்திக்க முடியும். இலக்கைக் குழலால் மறைக்காமல், அதற்குக் கீழிருந்து பார்த்துக் கொண்டே சுடலாம். மண் தட்டுக்காரர்கள் கட்டையின் முதுகை உயர்த்திக் கொள்வது இதனால்தான்.

நம் நாட்டு மகாராஜாக்களுக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். லண்டனுக்குப் போகிறபோது சட்டைக்கு அளவு கொடுப்பது போலக் கட்டைக்கும் அளவு கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. மாண்டன் பெயரிலும் ராடா பெயரிலும் கல்கத்தாவிலேயே பெரிய கடைகள் இருந்தன. ராடா கடைக்கு வந்த ஐம்பது மௌசர் கைத்துப்பாக்கிகளை 1914-இல் வங்காளப் புரட்சிக்காரர்கள் பட்டப்பகலில் வண்டியோடு கடத்திக் கொண்டு போனது தனிக் கதை. அவர்கள் கட்டைக்கு அளவெடுக்கவில்லை.

பொருத்தமான துப்பாக்கி கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பரத்பூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1938-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி, வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்த அந்த ஒரு நாளில் மட்டும் அங்கே சுட்டு வீழ்த்திய நீர்ப்பறவைகள் 4,273. எங்கள் மாமா தம் ஆயுள் முழுவதும் தவறவிட்டதைக் கூட்டினாலும் அதில் பத்தில் ஒரு பங்கு தேறாது. அந்தக் கல்வெட்டைப் பற்றிப் படித்த நாளில்தான், அவருடைய துப்பாக்கி கோணலாக இருந்ததும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. வாத்துகளைப் பொறுத்தவரையில்.

மகாராஜாக்களின் வேட்டையிலிருந்து மண் தட்டுக்கு நம் தேசம் வந்த வழியில் நடுவில் நிற்கிறவர் பிகானீர் மகாராஜா கர்ணிசிங். அவருடைய பாட்டனார் கங்காசிங் காலத்தில் கஜ்னேர் ஏரியில் நடந்த கௌதாரி வேட்டை வெள்ளைக்காரப் பிரபுக்களிடையே பிரசித்தம். பேரர் அதே கண்ணையும் கையையும் மண் தட்டின் பக்கம் திருப்பினார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தொடங்கி 1980-இல் மாஸ்கோ வரைக்கும் ஐந்து ஒலிம்பிக்குகளில் சுட்டார். 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் முதலிடத்துக்குச் சமமாக நின்று, பிறகு நடந்த கூடுதல் சுற்றில் தங்கத்தை இழந்து வெள்ளி வாங்கினார். முந்நூறு தட்டுகள் சுடுகிற பந்தயத்தில் கடைசியில் ஒன்றிரண்டு தட்டுகள்தான் உலகத்தின் முதல்வனையும் இரண்டாமவனையும் பிரிக்கின்றன. தில்லி துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய சுடுதளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1978-இல் பாங்காக்கில் ரண்தீர்சிங் தங்கம் வாங்கினார். 2004-இல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன்சிங் ராதோர் இரட்டைத் தட்டுப் பந்தயத்தில் வெள்ளி வாங்கியபோது அவர் சுட்டது 179. நாலாவது இடத்துக்கும் அவருக்கும் நடுவில் 178 சுட்ட சீனக்காரர் ஒருவர் நின்றார். 2024-இல் பாரிஸில், ஆணும் பெண்ணும் ஜோடியாகச் சுடுகிற ஸ்கீட் பந்தயத்தில் மகேஸ்வரி சௌஹானும் அனந்த்ஜீத்சிங் நரூகாவும் 43 சுட்டார்கள். சீன ஜோடி 44 சுட்டது. வெண்கலம் ஒரு தட்டில் போயிற்று.

ஒரு தட்டு என்பது என்ன? டிராப் பந்தயத்தில் சுடுகிறவருக்கு முன்னால் ஒரு பள்ளம். அதில் பதினைந்து பொறிகள். 'இழு' என்றதும் எந்தத் திசையில், எந்த உயரத்தில் தட்டு வரும் என்பது தெரியாது. எழுபத்தாறு மீட்டர் போய் விழும்படி அது சீறிக் கொண்டு கிளம்பும். ஒரு விநாடிக்குள் காரியம் முடிந்துவிட வேண்டும். 'கண் கோட்டுக்கு நேராக இருக்கிறதா' என்று அப்பொழுது யோசித்தால் தட்டு போய்விடும். அந்த யோசனையை எல்லாம் முன்னாலேயே கட்டையிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். இத்தாலியில் பிரேஷியா பக்கத்திலுள்ள பெராஸி தொழிற்சாலைக்கு உலகத்துச் சுடுகாரர்கள் நேரே போய் நிற்கிறார்கள். அங்கே உள்ள ஆசாரிகள் ஆளைப் பார்த்துக் கட்டை கடைந்து கொடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத்தான் ஏற்றி இறக்கும் முதுகு, பின்னடியில் சேர்க்கவும் எடுக்கவும் கூடிய ரப்பர்த் தட்டுகள், ஒட்டிக் கொள்கிற மெத்தைத் துண்டுகள் எல்லாம்.

ஒரு நாள் பந்தயம் என்றால் எழுபத்தைந்து தட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். பொருந்தாத கட்டை முதல் இருபதிலேயே கன்னத்தில் கன்றிப் போன அடையாளம் வைத்துவிடும். அடுத்த தட்டுக்கு முகம் தானாகவே கட்டையை விட்டுச் சற்று எழும்பும். அடிக்குப் பயந்த முகத்துக்குப் புத்தி சொல்லி ஆகாது. முகம் எழும்பினால் கண் எழும்பும். ரவை உயரே போகும். 'இவனுக்குக் குறி போதாது' என்று சுற்றி நிற்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லி விடுவார்கள்.

இந்தத் தீர்ப்புக்கு அதிகமாக ஆளானவர்கள் பெண்கள் என்பது என் அபிப்பிராயம். அப்பாவின் துப்பாக்கி, அண்ணனின் துப்பாக்கி என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கித்தானே அவர்கள் ஆரம்பிக்க வேண்டியிருந்தது? ஆணுக்குக் கடைந்த கட்டை பெரும்பாலும் அவர்களுக்கு நீளம் அதிகம். கழுத்து நீண்டவர்களுக்கு முதுகின் உயரம் போதாது. பின்னடியின் கீழ்முனை மார்பில் குத்தும். அதைச் செதுக்கி வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல், 'தோட்டாவின் உதை பெண்களுக்குத் தாங்காது' என்று வெகுகாலம் சொல்லிக் கொண்டிருந்தார்கள். கர்ணிசிங்கின் மகள் ராஜ்யஸ்ரீ குமாரி 1968-லேயே அர்ஜுனா விருது வாங்கியவர். அரண்மனையில் பிறந்தவருக்கு அளவான துப்பாக்கி கிடைத்திருக்கும். ஆனாலும் ஒலிம்பிக்கில் மண் தட்டுச் சுட ஒரு இந்தியப் பெண், ஷகுன் சௌத்ரி, போய்ச் சேர 2012 ஆயிற்று. நடுவில் எத்தனை பெண்கள் கன்னத்தில் கன்றிய அடையாளத்தோடு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்! அதற்குக் கல்வெட்டு கிடையாது.

மாமாவின் கதையை முடித்து விடுகிறேன். கட்டை சரியான பிறகு அவர் மறுபடியும் அந்தத் தகரத்தில் சுட்டார். புள்ளியின்மேல் கும்பல் விழுந்தது. ஆர்மரருக்கு வேஷ்டி, துண்டும் ஆசாரிக்கு ஒரு மூட்டை நெல்லும் கொடுத்தார். அடுத்த தை மாதம் முகாமிலிருந்து ஆள் வந்தபோது எல்லாரும் ஆவலோடு எதிர்பார்த்தோம். மாமா, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பிராணியையும் சுட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் துப்பாக்கிக்குத் தாமே எண்ணெய் போடத் தொடங்கினார். கன்றுக்குட்டிக்கு மருந்தும் தாமே புகட்டினார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது ஊரில் மற்ற துப்பாக்கிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மாமாவுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. தேர்தல் வரும்போதெல்லாம் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக் கொள்வார். தேர்தல் முடிந்ததும் போய்த் திருப்பி வாங்கி வருவார். அது சுற்றிய தூரம் பிற்காலத்தில் அவ்வளவுதான்.

துப்பாக்கி இப்போது அவர் மகன் பேரில் லைசென்ஸோடு இருக்கிறது. போன வருஷம் மாமாவின் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். மண் தட்டுச் சுடப் பழகுகிற பையன். ஆறடிக்கு மேல் வளர்ந்திருக்கிறான். தன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து எடுத்தான். குழலை மடக்கி, காலியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கூடத்துச் சுவரிலிருந்த பல்லியைப் பார்த்துக் கொண்டே சட்டென்று தோளில் வைத்தான். கட்டை அவன் கைக்கு ஒரு அங்குலமாவது குட்டை. விரல் மூக்கில் முட்டியது. சிரித்துக் கொண்டே இறக்கிவிட்டு, கன்னம் படுகிற இடத்தில் ஆசாரி சுரண்டிய பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"ரப்பர்த் தட்டு ஒன்று வைத்து நீளத்தைச் சரிபண்ணிக் கொள்ளலாமே" என்றேன்.

"வேண்டாம் தாத்தா" என்றான். "இது அவருக்குச் செய்தது."

துணியால் துடைத்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்தான்.